செவிலியத் தொழிலுக்கு அடிக்கல் எது: ஸ்குட்டாரியின் விளக்கா, கிம்பர்லியின் பதிவேடா?

டோங்காட் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மே 12 அன்று உலகச் செவிலியர் நாள் வருகிறது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கையில் விளக்கேந்தி இரவில் வார்டுகளைச் சுற்றி வந்தார் என்பதோடு பெரும்பாலானவற்றில் கதை முடிந்துவிடுகிறது.

என் தந்தையின் தாயார் இங்கே தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பராக்ஸ் வரிசைகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்தான் கையில் ஏந்தினார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். நடுராத்திரியில் யார் கதவைத் தட்டினாலும் அவரும் விளக்கை எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டார். அப்படியிருக்க, நவீனச் செவிலியம் 1860இல் லண்டனில் தொடங்கியது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? என் பாட்டியிடம் இல்லாத எது அங்கே புதிதாக வந்தது? பிள்ளைகள் இதைக் கேட்டால் நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன். இத்துறையில் பணியாற்றியவர்கள் உதவுங்கள்.

சாட்ஸ்வர்த் சிஸ்டர் (ஓய்வு):

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. நாற்பது ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விளக்கை முதலில் ஓரமாக வைத்துவிடு. கிரிமியப் போரின்போது நைட்டிங்கேல் 38 பெண்களுடன் 1854 நவம்பரில், துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் போனதும் சாவு குறைந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் குளிர்காலத்தில்தான் அங்கே சாவு உச்சத்திற்குப் போனது. 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 100க்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக்கிடந்தது, காற்றோட்டம் இல்லை, தண்ணீர் கெட்டிருந்தது. மார்ச் மாதத்தில் சுகாதார ஆணையம் ஒன்று வந்து சாக்கடையைக் கழுவிவிட்டு, காற்றுக்கு வழி திறந்த பிறகு, ஜூன் மாதத்திற்குள் அந்த எண்ணிக்கை 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

அந்த அம்மையாரிடம் நான் வணங்குவது இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான். இங்கிலாந்துக்குத் திரும்பியதும் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து, எத்தனை பேர் குண்டடியால் இறந்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தார்கள் என்று மாதம் மாதமாகக் கணக்கெடுத்தார். தன் சொந்த மருத்துவமனையின் கணக்கு தனக்கே வேதனை தருவதாக இருந்தும் அவர் அதை மறைக்கவில்லை. வட்ட வடிவப் படங்களாக வரைந்து அமைச்சர்களின் மேசை வரை கொண்டு போனார். வார்டில் கால் வைத்த நாள் முதல் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: எழுதாத பணிவிடை செய்யாத பணிவிடை. அந்த விதியின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

பிறகு, போர்க்காலத்தில் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியைக் கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர், பயிற்சி ஓராண்டு. ஒவ்வொரு மாணவிக்கும் மேட்ரன் என்ற தலைமைச் செவிலி மாதந்தோறும் ஒரு தாள் நிரப்புவார். நேரந்தவறாமை, தூய்மை, நம்பகம், புண்ணுக்குக் கட்டுப்போடும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் கட்டம் இருந்தது. அதற்கு முன்பும் பயிற்சி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் 1836 முதலே ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார்கள். நைட்டிங்கேலே 1851இல் அங்கே தங்கிக் கற்றவர்தான். ஆனால் அங்கே பயிற்சி சமயத் தொண்டின் பகுதியாக இருந்தது. லண்டன் பள்ளியில் சமயச் சபை எதிலும் சேராத பெண்ணும் சம்பளத்திற்காகக் கற்கலாம் என்றானது.

உன் பிள்ளைகளுக்கு இதையும் சொல். நம் முன்னோரை மதராசிலிருந்து ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததும் அதே 1860தான், நவம்பர் 16.

மாரிட்ஸ்பர்க் வரலாற்று மாணவன்:

சிஸ்டர் அம்மா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பயிற்சிப் பள்ளி மட்டும் ஒரு வேலையைத் தொழிலாக ஆக்கிவிடாது. பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பொதுமக்கள் பார்வையில் வேறுபாடு தெரிய வேண்டும். பெறாதவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைய முடியாதபடி சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் உலகில் முதன்முதலாக வந்தது லண்டனில் அல்ல, நம் நாட்டில். இதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிஸ்டர் ஹென்ரியேட்டா ஸ்டாக்டேல் 1847இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆங்கிலிகன் சபையின் துறவியாக 1874இல் புளூம்ஃபொன்டைனுக்கு வந்து, பின்னர் கிம்பர்லி வைரச் சுரங்க ஊருக்குப் போனார். சுரங்க விபத்துகளும் காய்ச்சலும் மலிந்த, கூடாரமும் தகரமுமான ஊர் அது. அங்கே கார்னர்வன் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பயிற்சியிலிருந்து வெளிவந்த பெண்கள் நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் பொறுப்பாளர்களாகப் போனார்கள். அவர் விடாமல் வற்புறுத்தியதன் விளைவாக, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியின் 1891ஆம் ஆண்டு மருத்துவ, மருந்தகச் சட்டத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் அரசு பதிவு செய்யும் பிரிவு சேர்ந்தது. பிரிட்டனுக்கு அப்படிப்பட்ட சட்டம் கிடைக்க 1919 வரை ஆயிற்று. அதற்காக எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையார் 1887 முதல் 32 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

அந்தப் போராட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்ற பெரிய பெயர் நைட்டிங்கேலுடையது. நம் புத்தகங்கள் இதைச் சொல்வதே இல்லை.

பீனிக்ஸ் இளஞ்செவிலியன்:

அண்ணா, நீங்கள் சொன்ன கடைசிச் செய்தியை அப்படியே விட்டுவிட்டால் பிள்ளைகள் நைட்டிங்கேலைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பதிவேட்டை அவர் எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது. தேர்வெழுதித் தேறியவர் என்பதை ஏடு காட்டும், ஆனால் அந்தப் பெண் நோயாளியின் படுக்கையருகே எப்படி நடந்துகொள்வாள் என்பதைக் காட்டாது என்று அவர் கருதினார். ஒருமுறை பதிந்த பெயர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தகுதியோடு இருக்கிறதா என்று யார் பார்ப்பது என்பது அவருடைய கவலை. இன்று வார்டில் நிற்கும் எனக்கு அந்தக் கவலை நியாயமானதாகவே படுகிறது.

இன்னொன்று. 1891 சட்டம் முதலாவது என்பது உண்மை. ஆனால் அது மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம். செவிலியரின் பெயர்களை வைத்திருந்த மன்றமும் மருத்துவர்களுடையதுதான். செவிலியருக்கென்றே தனிச் சட்டம் முதலில் இயற்றிய நாடு நியூசிலாந்து, 1901இல். மறு ஆண்டு ஜனவரியில் எல்லன் டோர்ட்டி என்பவர் அந்த ஏட்டின் முதல் பெயரானார். இங்கே 1928ஆம் ஆண்டுச் சட்டமும் நம்மை மருத்துவ, பல் மருத்துவ மன்றத்தின் கீழேதான் வைத்தது. தென்னாப்பிரிக்கச் செவிலிய மன்றம் 1944இல்தான் பிறந்தது. தன் தவறை விசாரிக்கவும், தன் பாடத்திட்டத்தை வகுக்கவும், தன் தேர்வை நடத்தவும் உரிமை இல்லாத ஒரு வேலையைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? என்னைக் கேட்டால் அடிக்கல் 1891இல் நடப்பட்டது, வீடு 1944இல்தான் நம் பெயருக்கு வந்தது என்பேன்.

வெருளம் பெரியவர்:

நம் மக்களின் பங்கையும் சேர்த்துப் பேசுங்கள். 1899இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் போர் மூண்டபோது காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படை அமைத்தார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம்மவர்கள். கொலென்சோவிலும் ஸ்பியான் கோப்பிலும் காயம்பட்டவர்களைத் தூளியில் (ஸ்ட்ரெச்சரில்) சுமந்து ஒரே நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டர் பூத், டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் மிஷன் சார்பில் ஏழை இந்தியர்களுக்காகச் சிறு மருத்துவமனை நடத்தியவர். காந்தியடிகள் அங்கே தினமும் நேரம் ஒதுக்கி, நோயாளிகள் சொல்வதைக் கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் மருந்து கலந்து கொடுப்பதுமாகத் தொண்டு செய்தார். செவிலியத்தின் வரலாற்றில் இதற்கு இடமில்லையா?

சாட்ஸ்வர்த் சிஸ்டர் (ஓய்வு):

இடம் உண்டு ஐயா. ஆனால் எந்த இடம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தூளி சுமந்தது பெருந்தொண்டு. போர் முடிந்ததும் அந்தப் படை கலைந்துவிட்டது, சுமந்தவர்கள் கரும்புக்கும் கரிச்சுரங்கத்துக்கும் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த அனுபவத்தால் மருத்துவமனையில் வேலை உரிமை கிடைத்துவிடவில்லை. தொண்டுக்கும் தொழிலுக்கும் உள்ள தூரம் இதுதான்.

எனக்கு 1906தான் இன்னும் முக்கியமாகப் படுகிறது. நேட்டாலில் ஜூலு மக்கள் வரியை எதிர்த்து எழுந்த பம்பாத்தா எழுச்சியின்போது காந்தியடிகள் 24 பேருடன் போனார். அங்கே காயம்பட்டுக் கிடந்த ஜூலு மக்களுக்குப் பணிவிடை செய்ய வெள்ளையர் முன்வரவில்லை என்றும், கவனிப்பாரின்றி நாள்கணக்கில் சீழ்ப்பிடித்திருந்த புண்களைத் தாங்கள் கழுவிக் கட்டியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். செவிலியம் யாருக்கு என்ற கேள்வி இந்த மண்ணில் அன்றே எழுந்துவிட்டது.

யார் செவிலியாகலாம் என்பது அடுத்த கேள்வி. லவ்டேலில் விக்டோரியா மருத்துவமனையில் பயின்ற செசீலியா மகிவானே 1908 ஜனவரி 7 அன்று பதிவு பெற்றார். இந்நாட்டில் பதிவுபெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் அவர்தான். பயிற்சிக் கல்லூரி முதல் மருத்துவமனை வரை இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. அவரோ 1919இல், நாற்பது வயது நிறையுமுன்பே காலமாகிவிட்டார். தம்பி 1944இல் வீடு நம் பெயருக்கு வந்தது என்றாயே, அந்த "நம்" யாரென்று கேட்டுப் பார். 1957ஆம் ஆண்டுச் செவிலியச் சட்டம் பதிவேட்டையே இனவாரியாகப் பிரித்தது. மன்றத்திற்கு வெள்ளையர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்படலாம் என்றது. வெள்ளைக்காரச் செவிலியர் ஒருவரை வெள்ளையர் அல்லாத செவிலியரின் மேற்பார்வையில் வேலை செய்ய வைப்பதைக் குற்றமாக்கியது. மறு ஆண்டு, பதிவுக்கு அடையாள எண் வேண்டும் என்று மன்றம் கேட்டது; கறுப்பினத்தாரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாள ஏடான பாஸ் புத்தகத்தைக் கறுப்பினப் பெண்களையும் வாங்க வைக்கும் வழி அது என்று புரிந்துகொண்டு பராக்வனாத் மருத்துவமனை வாசலில் பெண்கள் திரண்டார்கள்.

நான் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பயின்றவள். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. நான் எழுதிய இறுதித் தேர்வின் தாளும் வெள்ளைக்கார மாணவிகள் எழுதிய தாளும் ஒன்றே. ஆனால் சம்பளம் மூன்று வகை: அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு அதைவிடக் குறைவு, என்னோடு ஒரே வார்டில் அதே இரவுப் பணி பார்த்த ஜூலுத் தோழிக்கு அதைவிடவும் குறைவு. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் மடித்து வைத்துக்கொள்வேன். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற கூச்சம்.

மாரிட்ஸ்பர்க் வரலாற்று மாணவன்:

அம்மா சொன்ன இந்தச் செய்தி பதிவேட்டைப் பற்றிய என் கருத்தைத் திருத்துகிறது. ஏடு என்பது சேர்க்கும் கருவி என்று மட்டும் நினைத்திருந்தேன். விலக்கும் கருவியாகவும் அதைப் பயன்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்கச் செவிலியர் சங்கம் இந்த நிறவேற்றுமையின் காரணமாகவே 1973இல் அனைத்துலகச் செவிலியர் மன்றத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. எல்லாரையும் ஒருசேரக் கொண்ட டெனோசா என்ற தென்னாப்பிரிக்க ஜனநாயகச் செவிலியர் அமைப்பு 1996இல் உருவான பிறகே மீண்டும் வழி திறந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் பெயர் இருந்ததால்தான் அதை எதிர்த்துப் போராடவும் முடிந்தது. மகிவானே எழுதிய தேர்வு இருந்தது, தேறிய சான்று இருந்தது, தேதி இருந்தது. இந்தப் பெண் தகுதியற்றவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏடே இல்லாத காலமாக இருந்தால் அவரும் "மருத்துவமனையில் உதவிக்கு இருந்த ஒரு பெண்" என்ற அளவில் மறைந்துபோயிருப்பார்.

டோங்காட் தமிழாசிரியை:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. அண்ணாவின் கடைசி வரி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. என் பாட்டி அப்படித்தான் மறைந்துபோனார். எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். அவர் கைராசிக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறிவு எழுதப்படவில்லை என்பதற்காக அதை அறிவே இல்லை என்று ஒதுக்கிவிட முடியுமா? பிரசவம் சிக்கலாகப் போகிறது என்பதை வயிற்றில் கை வைத்தே சொல்லிவிடுவாராம்.

பீனிக்ஸ் இளஞ்செவிலியன்:

அக்கா, அது அறிவுதான். நாங்களும் இன்று கை வைத்துத்தான் பார்க்கிறோம். குழந்தையின் தலை எத்தனை விரல் அளவு மேலே தெரிகிறது என்று தொட்டுத்தான் அறிகிறோம். பாட்டியிடம் இல்லாதது கைத்திறன் அல்ல. அந்தக் கை அறிந்ததை இன்னொருவருக்கு, அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், பிழையின்றிக் கடத்தும் வழிதான் அவரிடம் இல்லை.

பார்ட்டோகிராஃப் என்ற பேறுகால வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிம்பாப்வேயில், நகரத்திலிருந்து விலகியிருந்த பிரசவ மையங்களில் மருத்துவரே இருக்க மாட்டார், மருத்துவச்சி மட்டும்தான். எந்தத் தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அவர் தனியாக முடிவெடுக்க வேண்டும். அதற்காக ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் 1972இல் ஒரு தாளை வெளியிட்டார்கள். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிகிறதா என்று அதில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் அந்த வேகத்தைக் குறிக்கும் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் தாயை அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு நான்கு மணி நேரம் வலப்பக்கம் உள்ள செயற்கோட்டைத் தொட்டுவிட்டால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஃபில்பாட் பின்னர் நம் டர்பனிலேயே பேராசிரியராக இருந்தார்.

இந்தத் தாள் மருத்துவச்சியின் அறிவுக்கு மாற்றாக வரவில்லை. நள்ளிரவில் "அனுப்ப வேண்டும்" என்று அவர் சொன்னால், அதற்கு ஆதாரம் அவர் கையிலேயே இருந்தது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று கண்டு, உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதிய படிவம் கொண்டுவந்துவிட்டது. எழுதி வைத்திருந்ததால்தான் அந்தக் கணக்கு தவறென்றும் பின்னால் கண்டுபிடிக்க முடிந்தது.

சாட்ஸ்வர்த் சிஸ்டர் (ஓய்வு):

தம்பி சரியாகப் பிடித்தான். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தத் தாளின் அடியில் கையொப்பம் இருக்கும். முதலாண்டு மாணவியாக நான் காய்ச்சல் அட்டையில் எண் எழுதியபோது எங்கள் சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "இதற்கு நீதான் பொறுப்பு, உன் பெயரைத் தெளிவாக எழுது" என்றார். மருத்துவர் சொன்னார், மேட்ரன் சொன்னார் என்று ஒதுங்க அதற்குப் பிறகு எனக்கு வழியில்லை. கிம்பர்லியில் ஏட்டில் ஏறிய பெயரும், வார்டில் அட்டையின் அடியில் எழுதும் பெயரும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஆசிரியை கேட்ட கேள்விக்கு என் பதில் அதுவே: செய்த பணிக்கு நேராகத் தன் பெயரை எழுதிப் பொறுப்பேற்கும் உரிமை. உன் பாட்டிக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை. அவர் செய்த பணியில் குறை ஒன்றும் இல்லை.

நம் குடும்பங்களும் பெண்களுக்கு அதை எளிதில் கொடுத்துவிடவில்லை. அந்நிய ஆண்களின் உடலைத் தொடும் வேலை, இரவில் வெளியே தங்கும் வேலை, யாருடைய மலத்தையோ எடுக்கும் வேலை என்று என் தந்தையார் ஓராண்டு என்னோடு பேசவில்லை. 1969இல் சாட்ஸ்வர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனை திறந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் சீருடையில் பேருந்து ஏறுவதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது.

வெருளம் பெரியவர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் தங்கையின் நினைவு வந்தது. அவளும் சேர விரும்பினாள், நாங்கள் விடவில்லை. அன்று வீட்டில் மூத்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பிள்ளைகளிடம் இதையும் சொல்லட்டும் ஆசிரியை.

டோங்காட் தமிழாசிரியை:

சொல்கிறேன் ஐயா. ட்ரூரோவும் செயின்ட் தாமஸ் பள்ளியும் ஒரே ஆண்டு என்பதில் தொடங்கி, ஸ்குட்டாரியின் கணக்கு, கிம்பர்லி, மகிவானே, 1957 என்று போய் அந்த வரைபடத் தாளில் நிறுத்தலாம் என்று எண்ணுகிறேன். வெற்றுத் தாள்களைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, ஒரு பிரசவத்தின் எண்களை நான் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகளையே புள்ளி வைக்கச் சொல்லப் போகிறேன். எந்தப் புள்ளியில் தாயை அனுப்புவீர்கள் என்று கேட்டு, அடியில் அவரவர் பெயரை எழுத வைப்பேன். நான் வாசிக்க வேண்டிய எண்களைத் தம்பி எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும். சிஸ்டர் அம்மா அன்று காலை 10 மணிக்கு வர இயலுமானால், உங்கள் சீருடைத் தோளில் அணியும் மெரூன் நிறப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் அணிந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி அனுப்புகிறேன்.

சாட்ஸ்வர்த் சிஸ்டர் (ஓய்வு):

வருகிறேன் அம்மா. வண்டி வேண்டாம், என் மகள் கொண்டுவந்து விடுவாள். உன் பாட்டியின் பெயரை மட்டும் எனக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பு. முதல் தாளை நானே நிரப்பி, மருத்துவச்சி என்ற இடத்தில் அந்தப் பெயரை எழுதிக் காட்டுகிறேன்.